பஞ்சு ஏறிப் படுத்த பை

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது.

காலை ஆறரைக்கு லேப்பில் பஞ்சு எடுக்க அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பூனைக்குட்டி. சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தராவது கொண்டுபோகிறேன் என்று சொல்லவில்லை. ராஜபாளையத்துக்காரர்கள் நாய் என்றால் அதன் தாத்தா பேர் வரைக்கும் விசாரிப்பார்கள். பூனை என்றால் சூ என்று விரட்டுவதோடு சரி. நானே தூக்கி வந்துவிட்டேன். பேர் பஞ்சு.

வருகிற வழியில் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். இரண்டு மாதக் குட்டியாம். "தினமும் என்ன பண்ணுதுன்னு எழுதி வைங்க. சாப்பாடு மட்டும் இல்ல, வால், காது, விளையாட்டு எல்லாத்தையும். பூனை உடம்பால பேசும், நமக்குத்தான் படிக்கத் தெரியணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தி நாலு வருடமாக ரத்தம் எடுக்கிறவள் நான். கையை நீட்டுகிற விதத்திலேயே யார் மயங்கி விழுவார்கள் என்று சொல்லிவிடுவேன். இந்தக் குட்டி எம்மாத்திரம்?

சாயங்காலம் இவர் மில்லிலிருந்து வந்ததும் காட்டினேன். "சரி" என்றார். நூல் சோதிக்கிற பிரிவில் சூப்பர்வைசர் சங்கரலிங்கம் என்றால் அந்த மில்லில் தங்கமான மனுஷன் என்று பேர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கத்துவேன், இவர் தோள்துண்டை எடுத்து நாலாக மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். மடித்து முடிக்கும்போது நானும் கத்தி முடித்திருப்பேன். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியபோதுகூட, "ஒங்க அப்பா மாதிரி ஒருத்தன்தான் வாய்ச்சிருக்கான், பொழச்சுக்கோ" என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 5, புதன்

பஞ்சுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். சும்மா உட்கார்ந்திருந்தது திடீரென்று முதுகை வில்லாக வளைத்து, முடியெல்லாம் சிலிர்த்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் துள்ளித் துள்ளி என்னை நோக்கி வந்தது. கீழ் வீட்டு ரத்தினக்கனி அக்கா இட்லி மாவு கொண்டுவந்தவள், கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ ஆவுடை, இதுக்குக் காத்துக் கருப்பு புடிச்சிருக்கு. பேசாம கொண்டுபோய் விட்ரு."

"எங்கிட்டு விட?"

"அதுக்கு ஒரு மொற இருக்கு. பைக்குள்ள போட்டு வாயக் கட்டணும். மூணு தெரு முக்குல நின்னு மூணு சுத்து சுத்தணும், அதுக்குத் திக்கு மறந்துரும். அப்பறம் தண்ணியத் தாண்டிப் போய் விடணும். தண்ணியத் தாண்டலன்னு வையி, நமக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து படுத்திருக்கும். எங்க அய்யா நாலு பூனைய அப்பிடித்தான் விட்டாரு."

"ஒங்க அய்யாவ யாராச்சும் அப்பிடிச் சுத்திவிட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் படியேறி வந்த இவர், "ரெண்டு பேரும் ஆரம்பிச்சாச்சா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அது விளையாடக் கூப்பிடுகிறதாம். நிஜமான பயமென்றால் காது தலையோடு ஒட்டும், சீறும். காது நிமிர்ந்து சத்தமில்லாமல் துள்ளினால் விளையாட்டு.

ஜூன் 8, சனி

டாக்டரம்மா சொன்னதில் இதுவரை நான் கண்ணால் பார்த்தவை. வாலைக் கொடிக்கம்பம் போல நேராகத் தூக்கி, நுனியை மட்டும் வளைத்துக்கொண்டு வந்தால், நம்பிக்கையோடு வருகிறது. பாய்வதற்கு முன் பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் குறிபார்க்கும். நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் உன்னிடம் எனக்குப் பயமில்லை என்று அர்த்தம், நாமும் அப்படியே மூடித் திறக்க வேண்டுமாம். நானும் மூடித் திறந்தேன். இவர் பார்த்துவிட்டு, "கண்ணுல தூசியா?" என்றார்.

மனுஷனுக்கும் ஒரு வால் வைத்திருக்கலாம். எவ்வளவு பேச்சு மிச்சமாகியிருக்கும்.

ஜூன் 12, புதன்

இவரும் பஞ்சுவும் சேர்ந்துகொண்டார்கள். மில்லுக்குக் கொண்டுபோகிற நீலநிற ஜிப் பையில் கழிவு நூல் கொஞ்சம் கொண்டுவந்து தரையில் இழுத்துக் காட்டினார். பஞ்சு பின்பக்கத்தை ஆட்டிப் பாய்ந்தது. தவறவிட்டது. மறுபடி பாய்ந்தது. அரை மணி நேரம் வீடே ஒரு கூத்தாகக் கிடந்தது. நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும், விளையாடி முடித்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவரே ஞாபகமாக எடுத்து வைத்தார்.

கடைசியில் பஞ்சு அந்தப் பைக்குள்ளேயே ஏறிச் சுருண்டு படுத்துவிட்டது. எண்ணெய் வாடையும் பஞ்சு வாடையும் அதற்குப் பிடித்துப்போயிற்று போல.

இவர் நாலைந்து முறை தும்மினார். "பூனை ஒங்களுக்கு ஒத்துக்கலையோ?" என்று கேட்டேன். "சேச்சே, மில்லுத் தூசி" என்றார். துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, திங்கள்

சரியாக ஐந்தே முக்காலுக்கு இவர் வண்டிச் சத்தம் கேட்டதும் பஞ்சு வாசலுக்கு ஓடுகிறது. வால் வானத்தைப் பார்க்கிறது. எனக்குக்கூட அப்படி ஓடி வருவதில்லை.

ஜூன் 20, வியாழன்

மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. ஆசையாகத் தடவப்போனேன். நாலு காலாலும் கையைப் பிடித்துக்கொண்டு பின்னங்காலால் உதைத்து, கடித்தும் வைத்துவிட்டது. மூன்று கோடு ரத்தம்.

"வயித்தைக் காட்டுனா தொடலாம்னு அர்த்தம் இல்ல. உங்கள நம்புறேன்னுதான் அர்த்தம். நம்புறேன்னா என்ன வேணா பண்ணுன்னு இல்லையே" என்றார் டாக்டரம்மா. கையை விளையாட்டுப் பொருளாக்கக் கூடாதாம். லேப்பில் இந்தக் கீறலைப் பார்த்து, நமக்கு ஊசி போடுகிறவளுக்கே இந்தக் கதியா என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

ஜூன் 24, திங்கள்

மடித்து வைத்திருந்த இவருடைய வெள்ளை வேட்டி மேல் பஞ்சு மூத்திரம் போய்விட்டது. நாளை மறுநாள் மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. கட்டாயம் திட்டுவார் என்று நினைத்தேன். "சரி விடு" என்று எடுத்து அலசிப்போட்டார். வேறு வீடாக இருந்தால் குட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். நல்ல மனுஷன்.

ஜூன் 27, வியாழன்

இரண்டு மணிக்கு லேப்பிலிருந்து வந்தேன். பஞ்சு கண்ணில் படவில்லை. வெயிலுக்குப் பரணில் ஏறிப் படுத்திருக்கும் என்று நானும் அசந்துவிட்டேன்.

இவர் பால்கோவாவோடு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மில் வேலையாகப் போனாராம், சூடாகக் கிண்டிக்கொண்டிருந்தார்களாம். எனக்குப் பால்கோவா என்றால் உயிர், ஆனால் இவர் வாங்கி வந்து வருடக்கணக்காயிற்று. பாதியை நின்ற வாக்கிலேயே தின்றுவிட்டேன்.

பஞ்சு வாசலுக்கு ஓடி வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

காணோம். பரண், கட்டிலடி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிப் பின்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. லேப்புக்கு லீவு போட்டேன். இவர் எட்டு மணிக்குத்தான் மில்லுக்குக் கிளம்புகிறவர், நேற்று கிளம்பும்போது குட்டி இருந்ததா என்று கேட்டேன். "சன்னல்ல ஒக்காந்திருந்துச்சு" என்றார். "கதவ நல்லாத்தான் சாத்திட்டுப் போனேன். மாடிக்கதவு தொறந்து கெடந்துச்சோ என்னமோ."

மாடிக்கதவைத் திறந்து போடுவது யார்? வடகம் காயப்போடுகிற ரத்தினக்கனி அக்காதான். நேரே இறங்கிப்போனேன். காத்துக் கருப்பு என்றவள், மூணு சுத்து சுத்தி விடச் சொன்னவள், வேறு யாராக இருக்கும்? என்ன பேசினேன் என்று முழுக்க எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. "வாய்ல சொன்னத கையால செஞ்சுட்டீங்களா" என்றேன். அவள் வடகத்தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"எம் பேரன் மேல ஆணையாத் தெரியாது ஆவுடை."

"ஆணை வேற."

என் பின்னாலேயே இறங்கி வந்து நின்ற இவர்தான் என் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார். "விடு, அக்கம் பக்கத்துல பகைச்சுக்கிட்டு" என்றார். பிறகு இரண்டு பேரும் நாலு தெரு தேடினோம். ஒவ்வொரு சாக்கடை ஓரத்திலும் குனிந்து, "பஞ்சு, பஞ்சு" என்று இவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

இவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபது தாளில் எழுதித் தந்தார். சாம்பல் நிறம், வால் நுனி வெள்ளை, பெயர் சொன்னால் வரும். டீக்கடை, பால் பூத், ரேஷன் கடை என்று இரண்டு பேருமாக ஒட்டினோம். பசை தடவியதும் இவர்தான்.

பதினாலு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் கூட வந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காக நான் காத்திருந்த நேரம் அது. என்னோடு படித்து எனக்கு அப்புறம் பதிந்த ஜெபராணிக்குக் கடலூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி லேப்பில் வேலைக்கு அழைப்புக் கடிதம் வந்தது, எனக்கு வரவில்லை. விருதுநகர் போய்க் கேட்டால், உங்களுக்கும் அதே நாளில் அனுப்பியாயிற்று, தேதியும் முடிந்துவிட்டது என்றார்கள். அப்போதும் இவர் என் பக்கத்திலேயே நின்றார், தபாலாபீஸுக்கு மூன்று முறை அலைந்தார். போஸ்ட்மேன் சவரிமுத்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று சாதித்தான். நான் நடுத்தெருவில் வைத்து, பொய் சொல்லாதே என்று கிழித்துவிட்டேன். எழுதிக் கொடுத்து அவனைச் சேத்தூர் பக்கம் மாற்றவும் வைத்தேன். இவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. என் கோபம் நியாயம் என்று அவருக்குத் தெரியும்.

அரசு வேலை போயிற்று. இந்தக் குட்டியாவது கிடைக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜூலை 4, வியாழன்

கிடைத்துவிட்டது.

மீன்காரப் பேச்சியம்மாள் சர்க்கரை பார்க்க வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வாலு நுனி வெள்ளையா? எங்கடை பலகைக்கு அடியில ஒண்ணு கெடக்கு. ஒரு வாரமாச்சு, வெளிய வர மாட்டேங்குது" என்றாள். பாதி ரத்தத்தில் ஊசியை உருவிவிட்டு ஓடலாமா என்றுகூட இருந்தது. முடித்துவிட்டே ஓடினேன்.

அவள் கடை கண்மாய்க்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், நடுவில் பாலம். பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எலும்பும் தோலுமாகப் பஞ்சு. கண் முழுக்கக் கறுப்பு. காது தலையோடு ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. நான் தரையில் உட்கார்ந்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தேன், மீன் செதிலும் ஈயுமாக அங்கேயே கால் மணி நேரம். அப்புறம்தான் மூக்கை நீட்டி என் விரலை மோந்து பார்த்தது.

"இம்புட்டுக் குட்டி பாலத்தத் தாண்டித் தானா வராதுக்கா" என்றாள் பேச்சியம்மாள். "யாரோ கொண்டாந்து விட்ருக்காக."

"யாருன்னு பாத்தியா?"

"காலைல யாவார நேரம். யார் மொகத்தப் பாத்தேன்."

எனக்கு யாரென்று தெரியுமே. வந்ததும் வராததுமாக மாடிப்படியில் நின்று, கீழே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை சொன்னேன். ரத்தினக்கனி அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் வந்து குட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டு மறுபடி போய்க் கழற்றினார்.

ஜூலை 6, சனி

விளையாட்டே இல்லை. நூலைக் காட்டினால் பார்க்கிறது, அவ்வளவுதான். வால் தரையோடு கிடக்கிறது. பயம் தெளியட்டும், எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்காதீர்கள் என்கிறார் டாக்டரம்மா.

ஐந்தே முக்காலுக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. வண்டிகள் நிறைய ஓடுகிற இடத்தில் கிடந்ததல்லவா, அந்தப் பயம் இருக்கும்.

ஜூலை 8, திங்கள்

இவர் சாப்பாட்டு டப்பாவை எடுக்க நீலப் பையின் ஜிப்பைத் திறந்தார். என் மடியில் இருந்த பஞ்சு உடம்பெல்லாம் விறைத்து, காது ஒட்டி, வால் குப்பி கழுவும் பிரஷ் மாதிரி பருத்து, என் சேலையிலேயே மூத்திரம் போய்விட்டது. அப்புறம் ஓடி ஒளிந்தது.

அந்தக் களவாணி இப்படி ஏதோ ஒரு பையில் போட்டுத்தான் கொண்டுபோயிருக்கிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு மணிக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். லேப் புத்தி. என் கைப்பை ஜிப்பை அதன் பக்கத்திலேயே இழுத்தேன். காதை ஆட்டியது, அவ்வளவுதான். மகளுடைய பழைய காலேஜ் பை ஜிப்பை இழுத்தேன். ஒன்றுமில்லை. ஊருக்குப் போகிற பெட்டியின் ஜிப்பையும் இழுத்தேன், அதன் மேலேயே ஏறி உட்காரப் பார்த்தது.

நீலப் பை மில்லில் இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

சோதிக்க என்ன இருக்கிறது. எதையாவது நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஜூலை 10, புதன்

ரத்தினக்கனி அக்காவிடம் ஜிப் வைத்த பையே கிடையாது. எல்லாம் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. நேற்றிலிருந்து இது எனக்குத் தெரியும். எழுதத்தான் பிடிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று லேப்பில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை ஊசி குத்தினேன். என் சர்வீஸில் நடக்காத காரியம்.

பால்கோவா வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். குட்டி காணோம் என்று எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை காலை. நான் அழுவதற்கு முன்னாலேயே எனக்கு ஆறுதல் வாங்கி வந்திருக்கிறார்.

இதற்கு முன் எப்போது பால்கோவா வாங்கி வந்தார் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. அப்போது மகள் நாலாவது படித்தாள், ஒரு வெள்ளிக்கிழமை, சட்டையெல்லாம் நெய் ஒட்ட அவளும் நானும் தின்றோம். ஜெபராணி போன் செய்து கடிதம் வந்த விஷயத்தைச் சொன்னது அடுத்த திங்கள்.

ஜூலை 12, வெள்ளி

ஐந்தே முக்காலுக்கு வந்தார். பஞ்சு பீரோவுக்கு அடியில் இருந்தது. நான் பையை வாங்கிக் கூடத்து நடுவில் வைத்தேன்.

"அந்த ஜிப்பத் தொறங்க" என்றேன்.

"என்னத்துக்கு? டப்பாவ நாளைக்குக் கழுவிக்கலாம்."

"தொறங்க."

"ஆவுடை, என்ன இது."

நானே இழுத்தேன். பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொடியிலிருந்து துண்டை எடுத்தார், நாலாக மடித்தார்.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று இவர் காத்திருந்தார், தெரிந்தது. நான் சும்மா நின்றேன். துண்டை மடித்து முடித்துவிட்டார், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அதை மறுபடி பிரித்தார்.

"அதுவே பையில ஏறிப் படுத்துச்சு" என்றார் கடைசியில். "நான் புடிக்கக்கூட இல்ல. ஜிப்ப மட்டும் இழுத்தேன்."

"மூணு சுத்து சுத்துனீங்களா?"

கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு, "மெதுவாத்தான் சுத்துனேன்" என்றார்.

இப்படி ஒரு வாக்கியத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மெதுவாகத்தான் சுத்தினாராம். குட்டி வந்த நாளிலிருந்து மூச்சு முட்டுகிறதாம், மில் டாக்டரிடம் ரகசியமாக மாத்திரை வாங்கித் தின்கிறாராம், பூனை முடிதான் காரணம் என்று அந்த டாக்டர் சொன்னாராம்.

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"ஒங்கிட்ட வேண்டாம்னு சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருப்பேனோ மாட்டேனோ. கத்தியிருப்பேன், அது நிச்சயம். அதற்கப்புறம் இவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து நானே டாக்டரம்மாவிடம் கேட்டு வேறு நல்ல இடம் தேடியிருப்பேனோ என்னமோ. அது எனக்கே தெரியாமல் பண்ணிவிட்டார். தெருத்தெருவாகக் குனிந்து பஞ்சு, பஞ்சு என்று கூப்பிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரத்தினக்கனி அக்கா பேரன் மேல் ஆணையிடும்போது பக்கத்தில்தான் நின்றார்.

ஜூலை 13, சனி

காலையில் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டேன். "அந்த லெட்டர் எங்க?"

எந்த லெட்டர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் நம்பியிருப்பேன்.

துண்டைத் தேடினார். நான் நேற்றே அதை எடுத்துத் துவைக்கப் போட்டிருந்தேன். வெறுங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கடலூர் ரொம்பத் தூரம் ஆவுடை" என்றார்.

"எங்க அது?"

"மில்லு பாய்லர்ல போட்டேன்."

காப்பி ஆறி ஏடு படிந்தது. நான் சத்தம் போட்டிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை.

கீழே இறங்கினேன். ரத்தினக்கனி அக்கா மாவரைத்துக்கொண்டிருந்தாள். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், "தப்பு என் பேர்லக்கா. எங்க வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்ருக்காரு" என்றேன். கிரைண்டரை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எம் பேரன் மேல ஆணை வச்சேன்டி" என்றாள். மாவைத் தள்ளிவிடக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

ஜூலை 14, ஞாயிறு

விசாரித்துக்கொண்டு மலையடிப்பட்டியில் சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிவிட்டதாம். முட்டி தேய்ந்து கம்பு ஊன்றி நடக்கிறார். இத்தனை வருடமாக அவன் இவன் என்றே நினைத்துவந்த ஆளை இன்றைக்கு அவர் என்று எழுதுகிறேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த லெட்டர யார் கைல கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சார் கைலதாம்மா. வாசப்படியில வச்சு."

"அன்னிக்கு நடுத்தெருவுல நான் அம்புட்டுப் பேசுனேனே, சார் கையிலன்னு சொல்லியிருக்கலாமே."

"வீட்ல கொடுத்துட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு சார் மொகத்தப் பாத்தேன். சார் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சிட்டு நின்னாரு." முட்டியைத் தடவிக்கொண்டார். "அவரே சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. குடும்பத்துக்குள்ள நான் ஏன் தீயப் பத்தவைக்கணும்னு விட்டுட்டேன். சேத்தூர்ல மலையடிவாரம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கணும். அதுல போனதுதான் இந்த முட்டி."

போஸ்ட்மேனுக்கு ஒரே நாளில் படிக்கத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியவில்லை. காலில் விழுந்திருப்பேன், அவர் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார். கிளம்பும்போது, "சார் சொகமா இருக்காராம்மா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

பஞ்சுவைத் தற்காலிகமாக லேப் பின் அறையில் வைத்திருக்கிறேன். மூச்சு முட்டுவது நிஜம், மில் டாக்டரிடம் நானே போய்க் கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே ஒருத்தருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும் புத்தி எனக்கு இல்லை. மதியம் வரை வேலை, அதற்கப்புறம் சாயங்காலம் வரை அங்கேயே அதனோடு இருக்கிறேன். வீட்டுக்கு எட்டு மணிக்குத்தான் போகிறேன். கூடத்தில் பாய் போட்டிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து மகள், "அப்பா பாவம்மா, போன்ல அழுறார்" என்றாள். "அழட்டும்" என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

மதியம் லேப் பின் அறையில் சோறு தின்றுகொண்டிருந்தேன். பஞ்சு முதுகை வளைத்தது. முடி சிலிர்த்தது. நான் கையில் உருண்டையோடு அசையாமல் இருந்தேன். காது நிமிர்ந்துதான் இருந்தது. சத்தமில்லாமல் பக்கவாட்டில் ஒரு துள்ளு, இன்னொரு துள்ளு, என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு உருண்டது. இருபத்திரண்டு நாளுக்கு அப்புறம். சோற்றுக்கையோடு அழுதேன்.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீலப் பையைக் காணோம், எறிந்துவிட்டாராம். சாப்பாட்டு மேசை மேல் பால்கோவா இருந்தது, பழைய கடை, பழைய அட்டைப்பெட்டி. இவர் பக்கத்தில் நின்றார். துவைத்துக் காய்ந்த துண்டு கொடியிலேயே கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். ஒனக்குப் புடிக்குமேன்னு."

மன்னிப்புக் கேட்க வாங்கியதாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது தெரியவில்லை, இனிமேல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, "இன்னும் எனக்குத் தெரியாதது என்ன இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க" என்றேன்.